குமரிக்குப் போகிறீர்களா? பாட்டோடு பத்திரத்தையும் பாருங்கள்

"ஒரு கையெழுத்துதான் மக்கா, அரை மணிக்கூர் வேலை" என்று ஊர் நிலத்துப் பத்திரத்துக்காக அத்தான் மெல்பர்னுக்குப் போன் போட்டுச் சொன்னார். நம்பினேன். குமரி மாவட்டத்தில் அரை மணிக்கூரில் முடிகிற காரியம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: தக்கலையில் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்குவது. அதுவும் முகூர்த்த நாளாக இல்லாவிட்டால்.

பெட்டியில் என்ன வைப்பது என்று உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது காரில் போடுகிற பாட்டைப் பற்றி. பத்திர ஆபீசைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. ஆறு வாரம் உட்கார்ந்து நான் சேர்த்த பாட்டில் பாதிக்கு மேல் அந்த ஆபீஸ் வாசலில், ஒரு புளியமரத்தடியில் நின்ற வண்டிக்குள்தான் ஓடித் தீர்ந்தது.

முதலில் அந்தப் பாட்டை வைத்து ஆடுகிற விளையாட்டைச் சொல்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், பதினைந்தும் பதினொன்றும். ஊர் என்றால் அவர்களுக்குக் கொசு, அப்புறம் சொந்தக்காரர் வீட்டில் போதும் போதும் என்ற பிறகும் விழுகிற இரண்டாவது கரண்டிச் சோறு. இவர்களைக் கார் சன்னலுக்கு வெளியே பார்க்க வைக்க வேண்டுமே என்று யோசித்துச் செய்தது இது. கடல், மழை, கல்யாண வீடு, பேய், திருட்டு, ரயில், பிணக்கு என்று ஏழு தலைப்பு. தலைப்புக்கு ஏழு பாட்டு. வண்டி கிளம்பியதும் ஒருவர் கதையைத் தொடங்குவார். பாட்டு மாறினால் கதை அடுத்தவர் கைக்குப் போய்விடும். சன்னலுக்கு வெளியே அப்போது கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று கதைக்குள் வந்தாக வேண்டும். வாழைக்குலை ஏற்றிய மினி லாரியோ, சாலையோரக் குருசடியோ (சிலுவை வைத்த சின்னக் கோவில்), குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் போகிறவரோ.

எங்கே பேசலாம் என்பதுதான் முக்கியமான விதி. நம் சினிமாப் பாட்டுக்கு ஒரு கட்டு உண்டு: முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, மறுபடி சரணம். குரல் வருகிற இடத்தில் கதை சொல்பவர் வாயைத் திறக்கக் கூடாது. முன்னிசையிலும் இரண்டு இடையிசையிலும் மட்டும் பேசலாம். கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் ஓர் ஆளைக் கொல்லவோ கல்யாணம் கட்டி வைக்கவோ வேண்டும். உடனே குரல் வந்துவிடும். செத்தது யார் என்று தெரியாமல் எல்லாரும் ஒரு சரணம் முழுக்கத் தவிப்பார்கள். அந்தத் தவிப்புக்காகத்தான் விளையாட்டே.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அம்மன் கோவில் கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்ட யாருக்கும் இது தெரியும். பாட்டு, நிறுத்திக் கொஞ்சம் வசனம், திரும்பவும் பாட்டு. தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னதும், குடமும் உடுக்கையும் வைத்திருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். ஆமா விழாமல் கதை நகராது. அதையும் விதியாக வைத்தேன்: எவ்வளவு பெரிய புளுகாக இருந்தாலும் கேட்பவர்கள் ஆமா போட வேண்டும். சின்னவள் அதை மெல்பர்ன் நாக்கால் போடுவாள். கேட்கச் சகிக்காது. இருந்தாலும் போடுகிறாளே.

பட்டியல் போடுகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். நம் மாவட்டம் சின்னது. களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை பிடித்தாலும் அறுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். எட்டு மணி நேர நெடுஞ்சாலைக்குப் போடுகிற மாதிரி நீளப் பட்டியல் போட்டால் பாதிக் கதையில் இறங்க வேண்டியிருக்கும். ஏழு பாட்டு என்றால் அரை மணி நேரம், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர். முன்னிசை நீளமான பாட்டை முதலில் வையுங்கள், கதை தொடங்க இடம் வேண்டும். ஏழாவது மெதுவான பாட்டாக இருக்கட்டும். ஒரு பாட்டு ஓயும்போதே அடுத்தது மேலே ஏறி வருகிற வசதி செயலிகளில் இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள், முன்னிசையைத் தின்றுவிடும். பழைய பாட்டு சத்தம் குறைவாகவும் புதுசு காதைக் கிழிப்பதாகவும் இருக்கும், வீட்டிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் கணக்கில் கேட்கிற எல்லாப் பாட்டும் ஊரில் கிடைக்காது. பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. அதனால் எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி ஒரு பென் டிரைவில் போட்டு, பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாடகைக் கார் பிளேயர் பெயர் வரிசையில் பாடி, பேய்க் கதை நடுவே நாதஸ்வரத்தைக் கொண்டுவந்து வைக்கும்.

பெரியவன் போட்ட 'திருட்டு' பட்டியலில் இடையிசை என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் பேச்சு, வசவு, தடதட. எங்கே கதை சொல்வது? சண்டை போட்டேன். "அப்பா, உங்கள் பாட்டு எல்லாம் ஒரே காலத்துப் பாட்டு" என்றான். மனைவி மதுரைக்காரி, கணக்கில் கெட்டி. நான் போட்டதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "2003க்கு அப்புறம் ஒரு பாட்டுகூட இல்லையே" என்றாள். நான் விமானம் ஏறிய வருடம் அது. தற்செயல் என்று சொல்லிவிட்டேன்.

இனி கையெழுத்து.

பாட்டா, அதாவது தாத்தா, வாங்கிய விளை (தோப்பு நிலம்), 42 சென்ட். அம்மாவுக்குப் பிறகு அக்காவுக்கும் எனக்கும். என் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதுவதாக எப்போதோ பேசியாயிற்று. அத்தானுக்கு அதை வைத்து லோன் எடுக்க வேண்டும், அவருக்கு அவசரம். வந்த மறுநாளே டோக்கன் போட்டு வைத்திருந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒன்று அமைந்தால் அதுவும் இதைப்போலவே இருக்கும்.

முதல் நாள் பதினொரு மணிக்கு டோக்கன். பிள்ளைகளை வண்டியிலேயே உட்கார வைத்தேன், முடித்துவிட்டு அப்படியே திற்பரப்பு அருவிக்குப் போய்விடலாம் என்று. மதியம் இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். மூலப்பத்திரத்தைப் புரட்டிய எழுத்தர் அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். மலையாளம். பாட்டா வாங்கிய காலத்தில் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முந்தைய பிரமாணம் (பத்திரம்) பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், வருடம் மலையாளக் காலண்டரான கொல்லம் ஆண்டில் இருக்கும். எங்களுடையது 1112. அதோடு 824ஐக் கூட்டினால் 1936 வரும். தை முதல் ஆடி வரையிலான தேதி என்றால் 825ஐக் கூட்ட வேண்டும். இதை அங்கே நின்று நான் விளக்கினேன். "மொழிபெயர்ப்பு கொண்டு வாங்க சார்" என்றார்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த பழைய ஆதார எழுத்துக்காரர் (பத்திரம் எழுதுகிறவர்) ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் மதியத் தூக்கம் முடிந்து எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி எழுதி முடிக்கும்போது இருட்டிவிட்டது. வண்டிக்குள் 'கல்யாண வீடு' முடிந்து 'பேய்' நடந்துகொண்டிருந்தது. டிரைவர் தம்பியும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார். அவர் சொன்ன பேய் அந்த ஆபீசிலேயே வேலை பார்த்தது.

இரண்டாம் நாள் பெயர். வாரிசுச் சான்றிதழில் எனக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று என் முகத்தைப் பார்த்தும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அத்தான் வராந்தாவில் நின்று, "நாட்டுல இருந்திருந்தா இதெல்லாம் எப்பவோ சரியாக்கியிருக்கலாம்" என்றார், தூணைப் பார்த்து. எனக்குச் சுருக்கென்றது. சொல்ல வேண்டியதை நானும் சொல்லிவிட்டேன், இங்கே எழுத முடியாது. உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, ஜெராக்ஸ், ஜெராக்ஸ் கடையில் கரண்டு இல்லை. 'ரயில்' முடிந்தது. 'பிணக்கு' பட்டியலைப் போட வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் விரல் ரேகை. என் விரல் கருவியில் முதல் தடவையே விழுந்தது. பச்சை விளக்கு. அக்காவுடையது விழவில்லை. துடைத்து வைத்தாள், விழவில்லை. ஈரத்துணியில் ஒற்றி வைத்தாள். வேறு விரல், அடுத்த கை. தேய்ந்து வழுவழுவென்று இருந்தது அவள் பெருவிரல், சோப்புக் கட்டியின் ஓரம் மாதிரி. "வேலை செய்யுற கை சார், இப்படித்தான் இருக்கும்" என்று எழுத்தர் என்னிடம் சொன்னார், ஆறுதலாகத்தான். ஏழாவது தடவை விழுந்தது.

ஆகவே நான் சொல்வது: டிக்கெட் போடும் முன்னால் எல்லாப் பத்திரத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மலையாளம் என்றால் மொழிபெயர்ப்பை அப்போதே எழுதி வாங்கச் சொல்லுங்கள். பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழும் பட்டாவும் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. இருக்கிற நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி ஊரில் ஒருவருக்குப் பவர் (நமக்குப் பதில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதி அனுப்பவும் வழி உண்டு. அது இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். இந்த வழியை நான் போன வருடமே அக்காவிடம் சொல்லியிருந்தேன். "அப்போ நீ வர மாட்டியா மக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பவர் பேச்சை எடுக்கவில்லை.

போகாமல் போன இடங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காவது உதவட்டும். 'பேய்' பட்டியலை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வைத்திருந்தேன். 115 அடி உயரத்தில் நடந்துவிட்டு வந்து கதை கேட்டால் கால் கூசும். 'பிணக்கு' பத்மநாபபுரம் அரண்மனைக்கு. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளம், தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா? திங்கட்கிழமை போகாதீர்கள், திறக்க மாட்டார்கள். சுசீந்திரம் கோவிலில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்கள் இருக்கின்றன, பாட்டு சேர்க்கிற ஆள் தவறவிடக் கூடாது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பெரியவனுக்கு அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30இல் திறந்த கண்ணாடிப் பாலம் சின்னவளின் ஆசை. அவளுக்கு நான் இன்னும் கடன்.

கிடைத்தது கடைசி நாள் சாயங்காலம் மட்டும். அக்காவையும் ஏற்றிக்கொண்டு கடலோரத்து வட்டக்கோட்டைக்குக் கிளம்பினோம். 'பிணக்கு' போக மிச்சம் இருந்தது 'கடல்', 'மழை'. வானம் மூடிக்கொண்டு வந்ததால் 'மழை'யைப் போட்டேன். நாகர்கோவில் தாண்டும்போது நாலாவது பாட்டு, அக்காவின் முறை. கூச்சப்படுவாள், தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். முன்னிசை தொடங்கியதும் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு வீட்டுல ஒரு கிழவியும் மகளும் இருந்தாவ." ஆமா, என்றார்கள் பிள்ளைகள். "கார்த்திகை மாசம், காலையிலேயே காத்து." ஆமா. பல்லவி வந்தது. நிறுத்திக்கொண்டாள், விதி அவளுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது. இடையிசையில் முற்றத்துப் பலாமரம் அடுக்களை மேல் விழுந்தது. சரணம். அடுத்த இடையிசையில் கிழவியைத் தூக்கிக்கொண்டுபோய் நெல்லுப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். கரண்டு இல்லை, போனும் இல்லை. கிழவி மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி, அவன் சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பெரியவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். மூன்று நாள் மெல்பர்னிலிருந்து அடித்து அடித்துப் பார்த்தேன், மணியே போகவில்லை. நாலாம் நாள் கிடைத்தபோது, "இங்க ஒண்ணும் இல்லை மக்கா, கொஞ்சம் காத்து" என்றுதான் அக்கா சொன்னாள். பலாமரம் விழுந்தது எனக்கு இந்த வண்டிக்குள்தான் தெரிந்தது.

கேட்பவர் ஆமா போட வேண்டும் என்பது நான் வைத்த விதி. போட்டேன்.

வட்டக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. அஞ்சாவது பாட்டு யார் முறை என்று அக்கா கேட்டாள்.