தீபாவளி இரவில் ஓடிய நாயை எப்படிக் கண்டுபிடித்தோம்

சரவெடிச் சத்தத்தில் மிரண்டு எங்கள் மணி கேட்டைத் தாண்டி ஓடிவிட்டான். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை ஒலி அதிர்வு என்ற அளவு) வரை கேட்கும். நாய்க்கு 45,000 வரை எட்டும். அவன் எப்படித் தவித்திருப்பான் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டோம். ஆனால் உண்மையில் கைகொடுத்தவர்கள் விடியற்காலையில் தெருவில் இருப்பவர்கள்தான்: பால் போடும் அண்ணன், பேப்பர் போடும் பையன்கள், தூய்மைப் பணியாளர் அக்காக்கள். வெடி ஓய்ந்த அந்த நேரத்தில்தான் ஒளிந்திருக்கும் நாய் தண்ணீர் தேடி வெளியே வரும். எல்லோரிடமும் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பார்த்தால் கூப்பிடாதீர்கள், துரத்தாதீர்கள், போன் மட்டும் செய்யுங்கள். மிரண்ட நாய் வளர்த்தவர் கூப்பிட்டாலே ஓடும். துரத்தினால் மெயின் ரோட்டுக்குப் பாய்ந்துவிடும்.

பாதி கட்டிய வீட்டில், மணல் குவியலுக்குப் பின்னால் இருப்பதாக ஒரு அக்கா சொன்னார். நான் மட்டும் போனேன். அவனை நேராகப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டுகளைப் பக்கத்தில் போட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் ஊர்ந்து வந்தான். சட்டென்று பிடிக்காமல், சாப்பிடவிட்டு, அப்புறம் கயிற்றை மாட்டினேன்.

பிறகு அவன் தோலுக்கடியில் அடையாளத்துக்கான மைக்ரோசிப் போட்டோம். அரிசி அளவுதான், 15 இலக்க எண் இருக்கும். ஆனால் ஸ்கேன் செய்தால்தான் தெரியும், இருக்கும் இடத்தைக் காட்டாது. அதனால் போன் நம்பர் பொறித்த தகட்டையும் கழுத்துப்பட்டையில் மாட்டியிருக்கிறோம்.