சிஓஇ புதுப்பிக்கும் முன் எஞ்சினைச் சோதிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பத்து ஆண்டு முடியப்போகும் காருக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கலாமா என்று கணக்குப் போடும் பலர், எஞ்சினைப் பணம் கட்டிய பிறகுதான் திறந்து பார்க்கிறார்கள். புதுப்பித்துவிட்டால் பார்ஃப் தள்ளுபடி (பத்து ஆண்டுக்குள் காரின் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகை) கைவிட்டுப் போய்விடும். பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்திருப்பது அதற்குப் பிறகு தெரிந்து என்ன பயன்? "கட்டாய வாகனச் சோதனையில் தேறிவிட்டதே" என்பதும் பதிலாகாது. அங்கே பிரேக், புகை, விளக்கு, டயர் எல்லாம் பார்ப்பார்கள்; சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

அந்த அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டில்தான் அரைகுறை வேலை அதிகம். ஆறிக்கிடக்கும் எஞ்சினில் ஒரே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கேஜை (அழுத்தமானியை) செருகினால் வரும் எண்ணை நம்ப முடியாது. எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும், எல்லாப் பிளக்குகளும் வெளியே இருக்க வேண்டும், காயில், இன்ஜெக்டர் இணைப்புகள் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் 5 அல்லது 6 கம்ப்ரஷன் அடிப்பு கொடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில வண்டிகளில் மிதித்தாலும் காற்று வழியை அடைக்கும் தகடு திறக்காது. எல்லா சிலிண்டரும் ஒரேயடியாகக் குறைவாகக் காட்டினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

பெட்ரோல் எஞ்சினில் 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை வருவது வழக்கம். சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஆனால் எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். நான்கும் 160 என்றால் கவலை குறைவு. மூன்று 180, ஒன்று 135 என்றால் அந்த ஒன்றில் கோளாறு. அதில் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கிறோம். எண் நன்றாக ஏறினால் ரிங், அசையாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் கேஸ்கட் மேல்தான் சந்தேகம். ஆயிலைத் தாராளமாக ஊற்றுவது இங்கே நடக்கும் தவறு: உள்ளே இடம் குறைந்து எண் தானாகவே ஏறும், நல்ல ரிங் மேல் பழி விழும். சுபாரு போன்ற படுக்கை எஞ்சினில் ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடுவதால் இந்த முறை அவ்வளவாக எடுபடாது.

அப்போது காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட்தான் கைகொடுக்கும். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திக் காற்றைச் செலுத்திக் காதை வையுங்கள். சீறல் த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலென்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடித் துளையில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். கிராங்க் புல்லியில் ஸ்பேனரை விட்டுவைக்காதீர்கள். காற்றழுத்தத்தில் எஞ்சின் சுழன்றால் கையைப் பதம் பார்த்துவிடும்.

ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படிவு இருந்ததும் கேஸ்கட் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து பள்ளிக்கும் ஈரச்சந்தைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுச் சூடு காண்பதில்லை, ஈரம் மூடியில் தங்கிவிடுகிறது. டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம், கூலன்ட்டும் குறைகிறது என்றால்தான் விஷயம் வேறு.

நீலப் புகை என்றாலே ரிங் இல்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் அடைப்பு). அதற்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

எஞ்சினில் தட்டும் சத்தத்துக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில் ஊற்றுவது நோயை மறைக்கும் வேலை. ஆயில் விளக்கு எரியவில்லை என்று நிம்மதி அடைவதும் அப்படித்தான். அழுத்தம் வெகுவாக விழுந்த பிறகே அது எரியும். ஆயில் அழுத்த சென்சாரைக் கழற்றி மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, 20 நிமிடம் ஓடிச் சூடான எஞ்சினில், ஐட்லிங்கில் அளப்பதே சரி.

பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) மேல் சந்தேகம் இருந்தால் பழைய ஆயில் ஃபில்டரைப் பிளந்து பாருங்கள், ரம்பத்தால் அறுக்காமல் கட்டரால். ரம்பத்தின் இரும்புத் துகள் ஃபில்டரின் காகிதத்தில் விழுந்தால் எஞ்சினின் துகள் எது, உங்கள் துகள் எது என்று பிரிக்க முடியாது. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாத செம்பு நிறச் சில்லுகள் தென்பட்டால் பேரிங் அடி அடுக்குவரை தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிச் செல்லாமல் டோ டிரக்கில் ஏற்றுங்கள்.