பிஎச் மீட்டர் கலிபிரேஷன்: திரையில் ‘ஓகே’ வந்தால் மட்டும் போதாது

பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையில் கழிவுநீர் சோதிக்கிறவர்களுக்கு பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9.0 என்பது வெறும் எண் அல்ல. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளின்படி ‘ஏ’ தரத்துக்கு (குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே வெளியேற்றுவது) 6.0 முதல் 9.0 வரையும், ‘பி’ தரத்துக்கு (மற்ற இடங்கள்) 5.5 முதல் 9.0 வரையும் பிஎச் இருக்கலாம். உண்மையில் 9.05 உள்ள நீரை மீட்டர் 8.97 என்று காட்டினால், வரம்பை மீறிய நீர் ஆற்றுக்குப் போய்விடும். இப்படிப்பட்ட பிழை பெரும்பாலும் மீட்டரிலிருந்து வருவதில்லை. பஃபரிலிருந்தும் வெப்பநிலையிலிருந்தும் வருகிறது. பஃபர் என்பது பிஎச் முன்பே தெரிந்த கரைசல்; அதைக் கொண்டு மீட்டரைச் சரிசெய்வதுதான் கலிபிரேஷன்.

முதலில் வெப்பநிலையைப் பார்ப்போம். பினாங்கில் சாமான் அறை 30 டிகிரியில் இருக்கும், ஏர்கோன் ஓடும் ஆய்வுக்கூடம் 22 டிகிரியில் இருக்கும். புட்டியை எடுத்து வந்ததும் கலிபிரேஷனைத் தொடங்காதீர்கள். பஃபர், மாதிரி, எலக்ட்ரோடு (மீட்டரோடு இணைத்து நீரில் மூழ்கவிடும் கண்ணாடிக் குமிழ் கொண்ட குழல்) மூன்றும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை ஒரே மேசையில் இருக்கட்டும். 10.01 பஃபர் என்பது 25 டிகிரியில் மட்டுமே 10.01. 30 டிகிரியில் அது ஏறக்குறைய 9.97, 22 டிகிரியில் 10.04. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இது இருக்கும். மீட்டரே திருத்திக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பநிலை உணரி பஃபருக்குள் மூழ்கியிருந்தால்தான் அது நடக்கும். உணரி வெளியே தொங்கி அறையின் 22 டிகிரியைப் படிக்க, பஃபர் 30 டிகிரியில் இருந்தால், அங்கேயே 0.07 பிழை சேர்ந்துவிடும். இன்னொன்று: மாதிரியை அளக்கும்போது இந்தத் திருத்தம் எலக்ட்ரோடின் சரிவுக்கு (ஒரு பிஎச் அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் மாறுகிறது என்பதற்கு) மட்டுமே. மாதிரி சூடாகும்போது அதன் பிஎச் மாறுவதை எந்த மீட்டரும் 25 டிகிரிக்கு மாற்றித் தராது. அதனால் வெப்பநிலையையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

எந்தப் பஃபர் வேண்டும் என்பதை மாதிரிதான் சொல்ல வேண்டும். செம்பனை ஆலையின் சுத்திகரிக்காத கழிவுநீர் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். அதற்கு 7உம் 4உம் போதும். வெளியேற்றும் நீருக்கு 4, 7, 10 மூன்றும் தேவை.

எலக்ட்ரோடில் நிரப்பும் துளை இருந்தால் மூடியைத் திறந்துவிடுங்கள். மூடியே வைத்தால் உள்ளிருக்கும் கரைசல் கசியாது, அளவு நிலைக்காமல் அலையும். உள்கரைசலின் மட்டம் பீக்கரில் உள்ள நீரின் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். 50 மில்லி பீக்கரில் 30 மில்லி பஃபர் ஊற்றுங்கள். கண்ணாடிக் குமிழும் பக்கவாட்டுச் சந்தியும் (உள்கரைசல் மெல்லக் கசியும் இடம்) மூழ்க அது போதும். புட்டிக்குள் நேராக எலக்ட்ரோடை விடாதீர்கள், பயன்படுத்தியதைத் திருப்பி ஊற்றாதீர்கள்.

7இல் தொடங்குங்கள், பிறகு 4, பிறகு 10. ஒவ்வொன்றுக்கும் இடையில் வாலைவடிநீரால் கழுவி, டிசுவால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் குமிழில் நிலைமின்னேற்றம் ஏறி அளவு தாமதமாகும். மெதுவாகக் கலக்கலாம். காந்தக் கலக்கி பீக்கரைச் சூடாக்கும், நடுவில் ஒரு துண்டு நுரை அட்டை வையுங்கள். அளவு நின்ற பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

‘ஓகே’ வந்ததும் விட்டுவிடாமல் மில்லிவோல்ட்டைப் பாருங்கள். உண்மை அங்கேதான் இருக்கிறது. 25 டிகிரியில் நல்ல எலக்ட்ரோடு 7இல் 0க்கு அருகில், அதிகம் போனால் கூட்டியோ கழித்தோ 30க்குள் இருக்கும். ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும். 7.00இல் −6, 4.01இல் +166 என்று வந்தால் வித்தியாசம் 172. அதை 2.99ஆல் வகுத்தால் 57.5, அதாவது 97 சதவீதம். 95 முதல் 105 வரை நல்லது. 90க்கும் 95க்கும் இடையில் இருந்தால் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். சுத்தம் செய்த பிறகும் 90க்குக் கீழேயே இருந்தால் எலக்ட்ரோடை மாற்றுங்கள்.

4க்கும் 7க்கும் இடையே சரிவு நன்றாக இருந்து, 7க்கும் 10க்கும் இடையே மட்டும் குறைந்தால், எலக்ட்ரோடைக் குறை சொல்வதற்கு முன் 10 பஃபரைச் சந்தேகியுங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு தானாகவே பிஎச் குறையும். திறந்த தேதியைப் புட்டியில் எழுதி, ஒரு மாதத்தில் மாற்றிவிடுவது நல்லது. எல்லாப் பஃபரிலும் 7.00, 0 மில்லிவோல்ட் என்றே நின்றால் குமிழில் விரிசல், அல்லது இணைப்பில் ஈரம். நம் ஊர் ஈரப்பதத்தில் பிஎன்சி இணைப்பை (எலக்ட்ரோடின் கம்பியை மீட்டரில் செருகும் முனை) திறந்து போட்டால் இது வரும். கழற்றினால் மூடி போடுங்கள்.

கடைசியாக, வேறொரு தொகுதியிலிருந்து எடுத்த 7.00 பஃபரை மாதிரிபோல அளந்து பாருங்கள். 0.05க்கு மேல் விலகினால் கலிபிரேஷனை ஏற்காதீர்கள்.

சுத்தம் செய்யும் முறை அழுக்கைப் பொறுத்தது. செம்பனை எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீர். உப்புப் படிவுக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். புரதத்துக்கு அதே அமிலத்தில் பெப்சின். பிளாஸ்டிக் உடல் கொண்ட எலக்ட்ரோடில் அசிட்டோன் கூடாது. ரப்பர் பால் அளப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பால் ஒட்டிய எலக்ட்ரோடை அமிலத்திலோ 4 பஃபரிலோ வைத்தால் அது குமிழின் மீதே திரிந்து சந்தியை அடைத்துவிடும். பால் காயும் முன்னே நிறைய நீரில் கழுவிவிடுங்கள். எந்தச் சுத்தத்துக்குப் பிறகும் ஒரு மணி நேரம் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஊறவைத்து, மீண்டும் கலிபிரேட் செய்யுங்கள்.

இரவில் எலக்ட்ரோடை அதே பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். வாலைவடிநீரில் வைத்தால் எலக்ட்ரோடின் ஆயுள் குறையும். துளையை மூடுங்கள். வார விடுமுறைக்குப் பிறகு தொப்பியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது உப்புத்தான், கழுவினால் போய்விடும். ஆனால் தொப்பிக்குள் கரைசல் வற்றிப்போயிருந்தால், அன்று காலை கலிபிரேஷனை ஒத்திவைத்து, குமிழைச் சில மணி நேரம் ஊறவிடுங்கள்.