சைல்ட் கேர் சப்சிடி: கூடுதலாக வந்த பணத்தையும் பொய்க் கணக்கையும் கையாள்வது எப்படி?

ஆஸ்திரேலியாவில் முதன்முறையாகப் பிள்ளையை சைல்ட் கேரில் சேர்க்கும் பெற்றோருக்காக இது. சப்சிடி என்பது சைல்ட் கேர் கட்டணத்தில் அரசு ஏற்கும் பங்கு. கூடுதலாக வந்த சப்சிடியைத் திருப்பிக் கேட்டுக் கடன் கடிதம் வந்தாலே மோசடிக் குற்றச்சாட்டு என்று பதற வேண்டாம். வருமானத்தைக் குறைவாக மதிப்பிட்டிருந்தாலும் கடன் விழும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதுதான் மோசடி.

1. கணக்கு எப்படி ஓடுகிறது?

ஒரு நாள் கட்டணம் 140 டாலர், உங்கள் சப்சிடி விகிதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் அரசு வைத்திருக்கும் மணிநேர உச்சவரம்புக்குள் இருந்தால் சப்சிடி 98 டாலர். அதில் 5 சதவீதத்தை, அதாவது 4.90 டாலரை, சப்சிடியை வழங்கும் அரசு அமைப்பான சர்வீசஸ் ஆஸ்திரேலியா பிடித்து வைக்கும். மீதி 93.10 நேராக சென்டருக்குப் போகும். மிச்சக் கட்டணமாக நீங்கள் கட்டும் கேப் ஃபீ 46.90.

குடும்ப வருமானம் 5,000 டாலர் கூடும்போதெல்லாம் விகிதம் பொதுவாக 1 சதவீதம் குறையும். வாரம் 4 நாள், 48 வாரம் என்றால் 192 நாள். வருமானத்தை 20,000 டாலர் குறைத்துச் சொல்லியிருந்தால் உண்மை விகிதம் 66. பிடித்து வைத்த தொகையே பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மிஞ்சும் கடன் 134.40 டாலர்தான். 40,000 டாலர் குறைத்துச் சொல்லியிருந்தாலோ கடன் 1,209.60 டாலர். மதிப்பீட்டைச் சற்றுக் கூட்டியே கொடுங்கள். கூடுதலாகக் கட்டியது ஆண்டுக் கணக்கு முடிந்ததும் திரும்பி வரும்.

2. வருமானம் என்றால் எதெல்லாம்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கணவன், மனைவி இருவரின் வரிக்குரிய வருமானத்தோடு சாலரி சாக்ரிஃபைஸ் செய்த சூப்பர் (சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே ஓய்வூதிய நிதிக்குப் போட்ட பணம்), ஃபிரிஞ்ச் பெனிஃபிட் (கார் போல, சம்பளத்தோடு நிறுவனம் தரும் சலுகைகள்), வெளிநாட்டு வருமானம் எல்லாம் சேரும். ஊரில் உள்ள வீட்டின் வாடகையும் இதில் அடங்கும். முதலீட்டு வீட்டில் காட்டிய நட்டம் வரியைக் குறைக்கும், ஆனால் சப்சிடிக் கணக்கில் அந்த நட்டத்தைத் திரும்பக் கூட்டிவிடுவார்கள். சம்பள உயர்வோ புது வேலையோ வந்தால் அப்போதே மைகவ் (myGov) என்ற அரசின் இணையக் கணக்கு வழியாக மதிப்பீட்டை மாற்றுங்கள். வருமானம் ஏறி இறங்குகிறது என்றால் 5 சதவீதப் பிடித்தத்தையும் கூட்டச் சொல்லலாம்.

3. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்டைப் பாருங்கள்

சென்டர் தரும் ஸ்டேட்மென்டில் பிள்ளை வந்த நாட்கள், வராத நாட்கள், கட்டணம், மணிநேரம் நான்கையும் உண்மையோடு ஒப்பிடுங்கள். ஒரு பிள்ளைக்கு நிதியாண்டுக்கு 42 நாள் வரை காரணம் காட்டாமலே விடுப்பு எடுக்கலாம். சென்டரை விட்டு விலகும்போது கவனம் தேவை: கடைசியாக வந்த நாளுக்குப் பிறகான விடுப்புக்குப் பொதுவாக சப்சிடி கிடையாது. நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

4. வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்

2025–26 வருமானத்தை 2027 ஜூன் 30க்குள் இருவரும் உறுதிப்படுத்த வேண்டும். வரிக் கணக்குத் தேவையில்லாதவர் அதையாவது தெரிவிக்க வேண்டும். விட்டால் சப்சிடி நின்றுபோகும்.

5. கடன் கடிதம் வந்தால்

முதலில் மைகவ் உள்ளே சென்று பாருங்கள். குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். பிறகு எந்த ஆண்டு, எந்த வருமானம், எத்தனை நாள் என்று உங்கள் ஸ்டேட்மென்டுகளோடு சரிபாருங்கள். அரசு அனுப்பியது என்பதாலேயே கணக்குச் சரி என்று ஆகாது. முன்பு அரசு உதவித்தொகை பெற்றவர்களிடம் கணினி வழியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்ட ரோபோடெட் திட்டத்தில், ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கிச் சட்டவிரோதமாகக் கடன் சுமத்தினார்கள். அதை விசாரித்த ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணை ஆணையம் 2023இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. தொகை தவறென்று தோன்றினால் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் தீராவிட்டால், அரசு முடிவுகளை மறு ஆய்வு செய்யும் தீர்ப்பாயமான அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ டிரிப்யூனலுக்குப் போகலாம். தொகை சரிதான், கையில் பணமில்லை என்றால் கெடு முடியுமுன் பேசித் தவணை போட்டுக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்தால் வரி ரீஃபண்டிலிருந்து பிடிக்கலாம், வட்டியும் சேரலாம்.

6. சென்டர்மீதே சந்தேகம் என்றால்

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: வராத பிள்ளைக்கு வந்ததாகக் கையெழுத்து கேட்பது, பிள்ளையின் வருகையைப் பதியும் உங்கள் பின் நம்பரைக் கேட்பது, ஸ்டேட்மென்டில் நீங்கள் அனுப்பாத நாட்கள் இருப்பது, “கேப் ஃபீ வேண்டாம்” என்பது. கடைசியாகச் சொன்னது சலுகை போலத் தெரியும். ஆனால் 140 டாலர் என்று அரசிடம் சொல்லிவிட்டு உங்களிடம் 46.90ஐ வாங்காவிட்டால் உண்மைக் கட்டணம் 140 அல்ல. பொய்யான தொகைக்கு சப்சிடி வாங்குகிறார்கள். தள்ளுபடி கொடுக்கலாம், குறைத்த கட்டணத்தையே அரசிடம் காட்டவேண்டும். 2023 ஜூலை முதல் கேப் ஃபீயை மின்னணு வழியில்தான் வாங்கவேண்டும் என்ற விதி வந்ததும் இதற்காகத்தான். சில விதிவிலக்குகள் உண்டு.

ஒரு நாள் தவறாகப் பதிவாகியிருந்தால் முதலில் சென்டரிடமே எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் திருத்திவிடுவார்கள். திரும்பத் திரும்ப நடந்தால், அல்லது உங்களையே பொய்யில் சேர்க்கப் பார்த்தால், கல்வித் துறையின் டிப்-ஆஃப் லைனில் (புகார் சொல்லும் வழி) சொல்லுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. சென்டரின் பெயர், தேதிகள், ஸ்டேட்மென்ட் நகல், மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் இவற்றைக் கொடுங்கள். நீங்களே விசாரித்து மற்றப் பெற்றோரிடம் பரப்ப வேண்டாம். ஆதாரம் மறைக்கப்படலாம், அப்பாவி ஊழியர் பெயரும் கெடலாம். ஏற்கெனவே பொய் நாளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் கேள்வி வருமுன் நீங்களே சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் சொல்லிவிடுங்கள். விசாரணை முடியும்வரை கேப் ஃபீயை வங்கி வழியாகவே கட்டி, ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.