ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் படிக்க லேப்டாப்: புதுசை விடப் பழசு நல்லது

கேட் வேலைக்கு, அதாவது கணினியில் வரைபடமும் மாடலும் வரைய, லேப்டாப் தேடும் மாணவர்கள், கையில் உள்ள காசுக்குப் புது மெல்லிசு லேப்டாப் வாங்குவதை விட, கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்பை (இன்ஜினியரிங், டிசைன் போன்ற கனமான வேலைக்கென்றே செய்தது) பார்க்கலாம். டெல் பிரிசிஷன், ஹெச்பி இசட்புக், லெனோவா திங்க்பேட் பி வரிசை எல்லாம் இந்த ரகம்தான்.

காரணம் இதுதான்: முப்பரிமாண மாடல் வரையும்போது பெரும்பாலான வேலையை பிராசஸருக்குள் இருக்கும் பல கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்றே ஒன்றுதான் செய்கிறது, அது வேகம் குறையாமல் ஓட வேண்டும். மெல்லிசு லேப்டாப் சூடானதும் வேகத்தைக் குறைத்துவிடும். தடித்த ஒர்க்ஸ்டேஷனில் ஃபேன் பெரிது, கேட் மாதிரி வேலைக்கென்றே என்விடியா செய்த குவாட்ரோ கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இருக்கும், ராமையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஹெச்' (வேகமான ரகம்) என்றால் சரி, 'யு' (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மெல்லிசு லேப்டாப் ரகம்) என்றால் வேண்டாம். திங்க்பேட் பி53-க்கும் பி53எஸ்-க்கும் பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். உள்ளே இருப்பதோ வேறு ரகம், பின்னது 'யு'. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பொதுவாக விண்டோஸ் 11 ஏறாது. ராம் 16 ஜிபி வேண்டும்.

லூமியன் போன்ற மென்பொருளில் ரெண்டரிங் (மாடலை நிஜப் படம் போல ஆக்குவது) செய்யும் ஆர்கிடெக்சர் மாணவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்குப் புது ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். தினமும் பஸ்ஸில் தூக்கிப் போகிறவர்களும் யோசிக்கவும்: எடை இரண்டரை கிலோவைத் தொடும், சார்ஜரே செங்கல் மாதிரி. வெறும் 2டி வரைபடம்தான் என்றால் இவ்வளவு தேடவே வேண்டாம், சாதாரண ஐ5 போதும்.