ஈரநிலத்தில் ஒரு காலை: மேல்வகுப்பு மாணவர்களுக்கான நீர்ச் சோதனை

கொழும்பு 2018இல், ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஆனாலும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ படிக்கும் பத்தாம் தரப் பிள்ளைக்கு ஈரநிலம் என்பது பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்தவைக்கும் கால்வாய்தான். இதை மாற்ற அரை நாள் போதும். ஒரே நாளில் மூன்று இடம் சுற்றிக்காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், மாதம் ஒரு தடவை போங்கள்; ஒப்பிட ஏதும் இல்லாத அளவீடு கொப்பியிலேயே கிடந்துவிடும்.

கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்கா வசதியானது. பலகைப் பாதையில் நின்றபடியே தண்ணீரை எட்டலாம். பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். வலை போடப்போவதையும், பிடித்ததை அங்கேயே விடப்போவதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். கொழும்பின் ஈரநிலங்களில் முதலை உண்டு; ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியே உள்ளே போகும் என்பதால், கையில் கீறல் உள்ளவருக்குக் குறிப்பெழுதும் வேலை. மற்றவர்களுக்கு றப்பர் கையுறையும் மூடிய சப்பாத்தும் கட்டாயம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், ஈரநிலத்துக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லும்படி பெற்றோருக்கு அன்றே தெரிவியுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மின்னல் வரும்; நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள்.

ஐந்து பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு, நீரின் தெளிவை அளக்கும் ஒரு செக்கித் தட்டு, நீண்ட பிடியுள்ள வலை, வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி இரண்டு, வெப்பமானி, பென்சில். பேனை மை நனைந்தால் ஊறிவிடும்.

செக்கித் தட்டை மாணவர்களே செய்யட்டும். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெள்ளை பிளாஸ்ரிக் வட்டத்தை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கால்வட்டங்களுக்குக் கறுப்புப் பூசுங்கள். மினுக்கம் இல்லாத பெயின்ற் வேண்டும். மினுங்கினால் வெயிலில் கறுப்பும் வெள்ளையாய்த் தெரியும். நடுத்துளையில் கயிறு கோத்து, அடியில் அரைக் கிலோ அளவு பாரம் கட்டுங்கள். பாரம் நடுவில் இல்லாவிட்டால் தட்டு சரியும், அளவு பிழைக்கும். கயிற்றை முதலில் நனைத்து இழுத்துவிட்டுத்தான் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு குறி போடவேண்டும். காய்ந்த கயிற்றில் போட்ட குறி நனைந்ததும் இடம் மாறிவிடும்.

வெயிலுக்கு முதுகைக் காட்டி, நிழல் விழும் பக்கமாகத் தட்டை இறக்குங்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மீண்டும் தெரியும் ஆழத்தையும் எழுதிச் சராசரி எடுங்கள். தட்டு அடிச்சேற்றைத் தொட்ட பிறகும் தெரிந்தால், 'அடிவரை தெரிகிறது' என்று எழுதுங்கள். அந்த ஆழத்தை விடையாக எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரே இடத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியே, மற்றவர் விடையைப் பார்க்காமல் அளக்கட்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதவைப்பது நல்ல பாடம்.

அடுத்தது வலை. கரைச்செடிகளின் வேரோரமாகப் பத்துத் தடவை இழுத்து, பெட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு அதில் கவிழுங்கள். பெரும்பாலான மாணவர்கள் உடனே 'ஒன்றும் இல்லை' என்பார்கள். இரண்டு நிமிடம் பெட்டியை அசைக்காமல் வைத்தால், குப்பை என்று நினைத்தது நடக்கத் தொடங்கும். வால்நுனியில் இலைபோல மூன்று பூக்கள் (செவுள்கள்) இருந்தால் அது ஊசித்தும்பியின் குடம்பி. அவை இல்லாமல் தடித்திருந்தால் பெரிய தும்பியின் குடம்பி. அது முகத்தின் கீழ் மடித்து வைத்திருக்கும் உதட்டைச் சடாரென நீட்டி இரையைப் பிடிக்கும். பொறுத்திருந்தால் பெட்டிக்குள்ளேயே காணலாம். இவை நீரில் கரைந்த ஒட்சிசனை எடுத்துச் சுவாசிப்பவை. சேற்றில் சிவப்பாக நெளியும் கைரோனோமிட் (நுளம்பு போன்ற சிறு பூச்சி) புழுவின் நிறத்துக்கு ஈமோகுளோபின் காரணம். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் நுளம்புக் குடம்பியும் நீர்த்தேளும் மேலே உள்ள காற்றைக் குழாய் வழியே எடுப்பவை. அவற்றை எண்ணி நீரின் ஒட்சிசனைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. எந்த உயிரி எப்படிச் சுவாசிக்கிறது என்ற பட்டியலை முதல்நாள் வகுப்பிலேயே தயாரியுங்கள். பெயர் தெரியாததை வரைந்தால் போதும்.

ஒட்சிசன் சோதனைப் பொதி கிடைத்தால், அளந்த நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். 30 பாகை செல்சியஸில் நன்னீர் காற்றிலிருந்து லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் பிடித்துவைக்கும். வெயில் ஏறியபின் பாசி ஒளித்தொகுப்புச் செய்வதால் அதைவிடக் கூடிய அளவும் வரலாம். அதைப் பிழையென்று அழித்துவிடாதீர்கள். அதே நீர் விடியற்காலையில் மிகக் குறைவாகக் காட்டக்கூடும். போத்தலைத் தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள், குமிழி ஒன்று தங்கினாலும் விடை மாறும்.

புறப்படுமுன் உயிரிகளை எடுத்த இடத்திலேயே விட்டு, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வலையை அங்கேயே உதறி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஒட்டியிருக்கும் சல்வீனியா என்ற மிதக்கும் களையின் துண்டு அடுத்த குளத்துக்குப் போய்விடும். அடுத்த தடவை, பெரிய மழை பெய்து இரண்டு நாளுக்குள் போங்கள். செக்கித் தட்டு எவ்வளவு ஆழத்தில் மறையும் என்பதைப் போவதற்கு முன் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதிவைக்கட்டும்.