சுருட்டாத முட்டைக்கோஸ் ரோல்: ஒரே வாணலியில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டைக்கோஸ் இலைகளை வெந்நீரில் வாட்டி, நடுநரம்பைச் சீவி, கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேகவிடுவது விடுமுறை நாள் சமையல். உக்ரைனில் ஹோலுப்ட்ஸி, ருமேனியாவில் சர்மாலே என்று செய்யப்படும் இந்த உணவை வேலை நாள் இரவில் செய்ய ஒரு சுலபவழி உண்டு. சுருட்டுவதை விட்டுவிட்டு, அதே பொருள்களை ஒரே வாணலியில் வேகவைத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் சாப்பாடு தயார்.

இதில் பலருக்கும் அரிசி ஒரு பக்கம் விறைத்தும் மறுபக்கம் குழைந்தும் போகிறது. ரோலில் இலை வெறும் உறை மட்டுமல்ல. அரிசியைப் புளிப்பான சாறு நேரடியாகத் தொடாமல் காக்கிறது. கறியின் சாற்றை அரிசிக்கே ஊட்டுகிறது. இலையை எடுத்துவிட்டால் அந்த வேலையை நாம்தான் செய்தாக வேண்டும். எதை எப்போது சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான்கு பேருக்கு அளவு: கொத்துக்கறி 500 கிராம், முட்டைக்கோஸ் 600 கிராம், பாஸ்மதி போன்ற நீள அரிசி 150 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், அரைத்த தக்காளி 400 கிராம், சூடான கறிச்சாறு அல்லது தண்ணீர் 350 மி.லி., எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி. உப்புப் போட்ட கறிச்சாறாக இருந்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். 30 செ.மீ. அகலமுள்ள, அடிகனமான, மூடி சரியாகப் பொருந்தும் வாணலி வேண்டும். மூடி தளர்வாக இருந்தால் ஆவி வெளியேறி, கீழே சொல்லும் தண்ணீர்க் கணக்கு தப்பிவிடும்.

ரோலுக்குப் பிசைவதுபோல் பிசைவது

பழக்கதோஷத்தில் கறி, அரிசி, வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் பிசைந்து வாணலியில் கொட்டுகிறார்கள். உப்போடு பிசைந்த கறி ஒட்டிக்கொண்டு கட்டியாகும், அதற்குள் சிக்கிய அரிசி வேகாது. கறியைத் தனியாக, உப்பில்லாமல், நன்றாகச் சூடேறிய எண்ணெயில் பரப்பி 3 நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் பழுப்பானதும் உடைத்துவிட்டு இன்னும் 3 நிமிடம் வதக்கி, தட்டில் எடுத்து வையுங்கள். வாணலி சிறிதாக இருந்தால் இரண்டு தவணையாக வதக்குங்கள். நெருக்கிப் போட்டால் கறி தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். வறுபட்ட மணம் வரவே வராது.

முட்டைக்கோஸைப் பொரியலுக்குப்போல் பொடியாக நறுக்குவது

பொடியாக நறுக்கினால் இருபது நிமிட வேக்காட்டில் கரைந்து கூழாகும். 3 செ.மீ. சதுரத் துண்டுகள் சரியான அளவு. நடுத்தண்டை எடுத்துவிட்டு, தடித்த நரம்புகளை மட்டும் மெல்லியதாகச் சீவிச் சேர்க்கலாம்.

கறி வதக்கிய அதே கொழுப்பில் வெங்காயத்தை 4 நிமிடமும் பூண்டை அரை நிமிடமும் வதக்கி, முட்டைக்கோஸையும் உப்பையும் சேருங்கள். கொள்ளளவு பாதியாகச் சுருங்கும்வரை, 6 அல்லது 7 நிமிடம் நல்ல தீயில் வதக்குவது அவசியம். முட்டைக்கோஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதில் கொஞ்சமாவது இங்கேயே வற்றாவிட்டால், பிறகு மூடிக்குள் கசிந்து எல்லாம் சொதசொதவென்றாகும்.

தக்காளியை முதலிலேயே ஊற்றுவது

பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். புளிப்பான சாற்றில் அரிசி மென்மையாகத் தாமதமாகும், முட்டைக்கோஸும் அப்படியே. போதாததற்கு, கெட்டியான தக்காளி விழுது அடியில் தங்கித் தீயும். தண்ணீரைக் கூட்டி ஊற்றிச் சமாளிக்கப் பார்த்தால், அரிசியின் வெளிப்புறம் குழைந்து நடுப்பகுதி நறுக்கென்றே நிற்கும்.

அதனால் வதங்கிய முட்டைக்கோஸில் கழுவிய அரிசியையும் மிளகாய்த்தூளையும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டி, சூடான கறிச்சாற்றை ஊற்றுங்கள். கறியைத் திரும்பப் போட்டு, மேலே துருத்தி நிற்கும் அரிசியைக் கரண்டியால் சாற்றுக்குள் அமுக்கிவிடுங்கள். சாற்றுக்கு வெளியே நிற்கும் அரிசிதான் கடைசியில் பல்லில் கடிபடும். கொதி வந்ததும் மூடி, சிறுதீயில் 10 நிமிடம். அதன் பிறகுதான் தக்காளியும் சர்க்கரையும். அதையும் கலக்காமல் மேலே பரப்பிவிட்டு மூடுங்கள், அடிபிடிக்காது. இன்னும் 8 முதல் 10 நிமிடத்தில் அரிசி வெந்துவிடும்.

இடையில் கிளற வேண்டாம். கிளறினால் அரிசி உடைந்து மாவு வெளியேறி, கஞ்சிப் பதமாகிவிடும். தீயை அணைத்து, மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் விட்ட பிறகு வினிகரைத் தெளித்து ஒரேயொரு முறை கிளறினால் போதும். புளித்த கிரீம் சேர்ப்பதானால் தட்டில் பரிமாறும்போது சேருங்கள். கொதிக்கும் சாற்றில் திரிந்துபோகும்.

அணைத்ததும் தண்ணீராகத் தெரிந்தால் பதற வேண்டாம், அந்தப் பத்து நிமிடத்தில் அரிசி உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகும் அரிசி விறைப்பாக இருந்தால் 60 மி.லி. வெந்நீரைச் சுற்றிலும் தெளித்து, மூடி, மிகச் சிறுதீயில் 5 நிமிடம் வையுங்கள்.

பொருளை மாற்றும்போது கணக்கையும் மாற்ற வேண்டும். கைக்குத்தல் அரிசி வேகும் நேரத்துக்குள் முட்டைக்கோஸ் கரைந்துவிடும். அதைத் தனியே வேகவைத்துச் சேருங்கள். ஏற்கெனவே வடித்த சாதம் இருந்தால் 400 கிராம் போதும். அப்போது கறிச்சாறு 100 மி.லி. மட்டும், முட்டைக்கோஸும் தக்காளியும் வெந்த பிறகு, கடைசி 5 நிமிடத்தில் சாதத்தைக் கலக்குங்கள். கோழிக் கொத்துக்கறியில் கொழுப்பு குறைவு என்பதால் நெடுநேரம் வதக்கினால் வறண்டுபோகும். நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள், மீதி வேக்காடு அரிசியோடு ஆகிவிடும்.

மிச்சத்தை இரவு முழுக்க அடுப்பிலேயே விடாதீர்கள். வெந்த அரிசியில் பிழைத்திருக்கும் பாசிலஸ் சீரியஸ் கிருமி அறை வெப்பத்தில் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.